பழைய தபால் தலையும் நல்முத்தும்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து நாம் கோவில் வாசலுக்கு வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கையில் ஒரு துணிப்பொட்டலத்தோடு காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அல்லிநகரத்தில் பிறந்து வளர்ந்து, தேனியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிப் பிழைக்கிறவர். அவர் கேட்டது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட கேள்வியன்று. பகல் வெளிச்சத்தில், வேப்பமர நிழலில் நின்று கேட்டது. அவருடைய சம்மதத்தோடு, பேரைச் சொல்லாமல், உங்கள் ஞானப் பிரயோசனத்துக்காக அதை இங்கே எழுதுகிறோம்.

"சாமி, தாத்தா காலத்துத் தபால் தலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை விற்று, அதைவிடப் பழையது ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ராத்திரியில் தூக்கமில்லை. இதில் பாவம் ஏதாவது உண்டா?" என்றார்.

வாசகரே, உங்களில் சிலர் இப்போது புன்னகை செய்வீர்கள். வட்டி கட்ட முடியாமல் திண்டாடுகிறவர்களும், மழையில்லாமல் கருகும் பயிரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் இருக்கிற ஊரில், விரல் நகமளவு காகிதத்துக்காக ஒரு மனிதன் தூக்கத்தை இழப்பதா என்று கேட்பீர்கள். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் அந்தப் பொட்டலத்தை அவர் அவிழ்த்த விதத்தைப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. பூசைப் பாத்திரத்தைத் தொடுகிற குருவின் கைகூட சில நாளில் அவ்வளவு பயபக்தியாய் இருப்பதில்லை. மனிதனுடைய இருதயம் எங்கே கட்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் அவனுடைய ஞான சீவியத்தின் போராட்டமும் நடக்கும். கட்டியிருக்கிற கயிறு நூலாயிருந்தாலும் வடமாயிருந்தாலும் கட்டு கட்டுத்தானே!

விஷயம் விளங்கும்படி, அந்த இரண்டு தபால் தலைகளைப்பற்றிச் சற்றுச் சொல்லுவோம்.

அவரிடம் இருப்பது 1948-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்தரத்தின் முதலாம் ஆண்டு நிறைவிலே, மகாத்மா காந்தியின் நினைவாக இந்திய அரசாங்கம் வெளியிட்ட பத்து ரூபாய்த் தபால் தலை. அவர் மரித்து ஏழு மாதங்கூட முழுதாய் ஆகாத காலம் அது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நான்கு தலைகள் வந்தன. நாகரி எழுத்திலும் உருது எழுத்திலும் "பாபூ" என்று அவற்றில் போட்டிருக்கும். கைராட்டினத்தையும் கதரையும் பிரசங்கித்தவருடைய படம் சுவிட்சர்லாந்து தேசத்தில் அச்சாகி வந்தது என்பதும், உபயோகித்த கவர்களைத் திருப்பி அதன் முதுகிலே கடிதம் எழுதுகிற சிக்கனக்காரருக்குப் பத்து ரூபாயில் ஒரு தலை போட்டார்கள் என்பதும் யோசிக்கத்தக்கவை. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே அந்த ஒரு தலையின் விலைக்கு ஒன்றரை அணாத் தலைகள் நூற்றுக்குமேல் வாங்கியிருக்கலாம்.

அந்தத் தலையை அவருடைய தாத்தா அப்போதே காசு கொடுத்து வாங்கினார். தபால் இலாகாவில் பை சுமந்து மலைப்பாதை நடந்த மனிதர் அவர். அந்தப் பத்து ரூபாய்க்காகப் பாட்டி ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்பது அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லப்படுகிற கதை. தலையைக் கடிதத்தில் ஒட்டாமல், பின்பக்கத்துப் பசை கெடாமல், கண்ணாடிக் காகிதத்தில் மடித்து வைத்தார். தாத்தாவுக்குப் பின் தகப்பனார் காப்பாற்றினார். தகப்பனார் மரித்தபின் பெட்டி இவர் கைக்கு வந்தது.

இவர் ஆசைப்படுவதோ 1854-ம் ஆண்டின் நாலணாத் தலை. அந்த ஆண்டிலேதான் இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. கல்கத்தாவில் நில அளவை அலுவலகத்தின் கல்லச்சிலே அவை அச்சாயின. நாலணாத் தலைக்கு இரண்டு நிறம்: சட்டம் சிவப்பு, விக்டோரியா ராணியின் தலை நீலம். இரண்டையும் இரண்டு முறையாக அச்சிடவேண்டும். அப்படி அச்சிடும்போது ராணியின் தலை சில தாள்களில் தலைகீழாய் விழுந்துவிட்டது. அந்தப் பிழைபட்டவைகளில் மிகச் சிலவே இன்று உலகத்தில் உண்டு. நம் நண்பர் ஆசைப்படுவது அவ்வளவு பெரியதல்ல, பிழையில்லாத சாதாரணமானதுதான். ஆனால் ஓரத்தில் துளையில்லாத தலைகளாதலால் அக்காலத்தில் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். எட்டு மூலைச் சட்டத்தை ஒட்டி வெட்டிவிட்டவைகளுக்கு மதிப்புக் குறைவு. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் நிற்கச் சதுரமாய் வெட்டியது கிடைத்தால் சேகரிப்பவர்களுக்கு அது பெரும்பேறு. அப்படி ஒன்று விற்பனைக்கு இருக்கிறதென்று கைப்பேசியில் அவருக்குச் செய்தி வந்துவிட்டது. அன்றுமுதல் நிம்மதி போயிற்று.

இனி, கேள்விக்கு வருவோம். இதில் பாவம் உண்டா?

முதலாவது அறியவேண்டியது: அழகிய பழம்பொருளைச் சேகரிப்பது தன்னிலே பாவமல்ல. சர்வேசுரன் படைத்த உலகம் நல்லது; மனிதன் கையால் செய்த நல்ல வேலையும் நல்லது. தபால் தலை சேர்க்கிற பிள்ளை பூகோளம் படிக்கிறான், சரித்திரம் படிக்கிறான், பொறுமை படிக்கிறான். நம் நண்பரின் பொத்தகத்தில் காந்தித் தலைக்குப் பக்கத்திலேயே அர்ச். தோமையாரின் பதினைந்து பைசாத் தலை ஒன்று இருந்தது. 1964-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் பம்பாயில் நடந்த உலக நற்கருணை மாநாட்டுக்காக இந்திய மண்ணில் கால்வைத்த அதே நாளில் அது வெளியாயிற்று. இத்தாலியாவில் ஒர்த்தோனா நகரத்துப் பேராலயத்திலுள்ள அப்போஸ்தலரின் உருவத்தைப் பார்த்து வரைந்த படம் அதில் இருக்கிறது. விலையிலே அது காந்தித் தலைக்கு அருகே நிற்காது. ஆனாலும் தாத்தா இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தார். விலை பார்த்து வைக்கவில்லை, அன்பு பார்த்து வைத்தார். இதைப் பாவம் என்று யார் சொல்லுவார்?

அப்படியே, ஒன்றை விற்று ஒன்றை வாங்குவதும் பாவமல்ல. நம் ஆண்டவர் மோட்ச இராச்சியத்துக்கு உவமையாக யாரைக் காட்டினார்? நல்ல முத்துக்களைத் தேடி அலைகிற ஒரு வியாபாரியை அல்லவா? அவன் விற்கிறவன், வாங்குகிறவன், தரம் பார்க்கத் தெரிந்தவன். அவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. அந்த வியாபாரியின் கண்ணே நமக்கு வேண்டுமென்று சொல்லாமற் சொல்லுகிறார்.

ஆகையால் அந்த நண்பரிடம், "தம்பி, விற்பதிலும் வாங்குவதிலும் பாவமில்லை. ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லு" என்றோம். வாசகரே, அந்த மூன்று கேள்விகளும் உங்களுக்கும் உரியவை. ஆகவே கவனமாய் வாசியுங்கள்.

முதற் கேள்வி: "இது யாருடையது?"

அவர் திகைத்தார். "என்னுடையதுதான் சாமி, அப்பா வைத்துவிட்டுப் போனது" என்றார். அம்மா இருக்கிறார்களா? இருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள்? போடியில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி. அவர்களிடம் கேட்டாயா? இல்லை. பிரியமானவர்களே, தகப்பன் விட்டுச்சென்ற நிலத்தை ஒரு பிள்ளை மட்டும் தன் பேரில் மாற்றினால் ஊரே கூடிப் பேசும்; பெட்டிக்குள் கிடக்கிற காகிதத்தைப்பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நீதி என்கிற புண்ணியத்துக்குப் பெரிய ஆஸ்தி, சின்ன ஆஸ்தி என்கிற வித்தியாசம் கிடையாது. அன்றியும், விலைமதிப்புத் தெரியாதவர்களிடம் மௌனமாயிருந்து ஆதாயம் அடைவது ஒரு வகைக் களவுக்கு மிக அருகில் நிற்கிறது.

இந்த இடத்தில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் என்னும் வேதசாஸ்திரி 13-ம் நூற்றாண்டிலே தீர்த்துவைத்த சில வழக்குகளைச் சொல்லுவது உதவியாகும். விற்கிறவன் தன்னிடமிருப்பது பித்தளை என்று நினைத்துப் பித்தளை விலைக்கு விற்கிறான். வாங்குகிறவனோ அது பொன் என்று தெரிந்தும் பேசாமல் வாங்குகிறான். இது நியாயமா? அநியாயம், வாங்கினவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்கிறார் அவர். பழைய பொருள் சேகரிக்கிறவர்கள் இதைத் தங்கள் பொத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதிவைக்கட்டும்! பழைய கடிதக்கட்டை எடைக்குப் போடுகிற விதவையிடம் பத்து ரூபாய்க்கு வாங்கி, உள்ளேயிருந்த அரிய தலையைப் பல ஆயிரத்துக்கு விற்று, "என் அதிர்ஷ்டம்" என்று கூத்தாடுகிறவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் என்று அவர்கள் சொல்லுவதற்கு ஞானக் கணக்கிலே வேறு பேர்.

அப்படியே விற்கிறவனுக்கும் அவர் சட்டம் வைத்தார். வெளியே தெரியாத குற்றம் பொருளில் இருந்தால் அதைச் சொல்லியே விற்கவேண்டும். தபால் தலையிலே கிழிசலை ஒட்டியிருப்பார்கள். போன பசைக்குப் புதுப் பசை தடவியிருப்பார்கள். சாதாரணத் தலைமேல் பொய்யான மேலச்சுப் போட்டு அரிய தலையாக்குவதும் உண்டு. காந்தித் தலையிலேயே, கவர்னர் ஜெனரலுடைய காரியாலயத்துக்காக "சர்வீஸ்" என்று மேலச்சிட்ட பத்து ரூபாய்த் தலைகள் நூறு மாத்திரமே செய்தார்கள். நம் ராஜாஜி அப்போது அந்தப் பதவியில் இருந்தார். அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் இங்கிலாந்திலே ஐந்து லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. இப்படி விலை ஏறினால் கள்ள மேலச்சும் பின்னாலேயே வருமல்லவா? போடியிலே ஏலக்காய் ஏலம் நடக்கிற நம் பள்ளத்தாக்கிலே இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மூட்டையின் வாயிலே பருத்த காயும் அடியிலே சொத்தைக் காயும் போட்டவன், ஏலத்தில் ஜெயித்தாலும் ஆத்துமக் கணக்கில் தோற்றவன்.

இரண்டாங் கேள்வி: "மிச்சப் பணம் எங்கேயிருந்து வரும்?"

ஏனென்றால் இவர் விற்கிற தலையின் விலையைவிட வாங்க விரும்புகிற தலையின் விலை அதிகம். இந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழுப்பிலைகளைச் செருப்பு நுனியால் ஒதுக்கிக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது மனைவியின் சங்கிலியை அடகுவைத்தார்கள். அதை மீட்பதற்காக ஒரு வருஷமாக மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்துவைத்த பணம் இருக்கிறது. "அதில் கொஞ்சம் எடுத்தால் போதும் சாமி. சங்கிலியை இன்னும் ஆறு மாதம் கழித்து மீட்டுக்கொள்ளலாம். அவளுக்கு இது தெரியாது" என்றார்.

வாசகரே, இப்போது நாம் நிஜமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதுவரைக்கும் காகிதத்தைப்பற்றிய பேச்சு. இனிமேல் கழுத்தைப்பற்றிய பேச்சு. மூன்று மாதத் தூக்கமின்மைக்குக் காரணம் எது என்பது அவருக்கே அப்போதுதான் விளங்கிற்று என்று நினைக்கிறோம். காந்தித் தலையா, ராணித் தலையா என்று மனசு தவிக்கிறதாக அவர் எண்ணியிருந்தார். மனச்சாட்சியோ வேறொரு காரியத்தைப்பற்றி உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. "அவளுக்கு இது தெரியாது" என்கிற மூன்று சொல் நம் வீடுகளில் எத்தனை சச்சரவுக்கு விதையாயிருக்கிறது! தாத்தா பத்து ரூபாய் செலவழித்தார், பாட்டி பேசாமலிருந்தாள். ஆனால் தாத்தா மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அந்தக் கதையை இன்று பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார்கள்.

மனைவியின் கழுத்துக்குத் திரும்பவேண்டிய பொன் வட்டியில் கரைகிறபோது, பொத்தகத்தில் ஒரு ராணி அழகாய் வீற்றிருந்தால் அந்த அழகை யார் சந்தோஷமாய்ப் பார்க்கமுடியும்? அர்ச். பிரான்சிஸ் அசிசியாரைப்பற்றிச் சொல்லப்படுகிறது கேளுங்கள். அவருடைய சபையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்ட ஒரு ஏழைத் தாய் உதவி கேட்டு வந்தாள். மடத்தில் கொடுக்க ஒன்றுமில்லை. செபத்துக்கு வாசிக்கிற புதிய ஏற்பாட்டுப் புத்தகம் ஒன்றுமட்டும் இருந்தது. அதை அந்தத் தாய்க்குக் கொடுத்து விற்றுக்கொள்ளும்படி அவர் சொன்னார். கொடுக்கச் சொல்லுகிற புத்தகத்தை வாசிப்பதைவிட, அது சொல்லுகிறபடி அதையே கொடுத்துவிடுவது ஆண்டவருக்கு அதிகப் பிரியம் என்று அவர் எண்ணினார். வேதப் புத்தகத்துக்கே இப்படியென்றால் தபால் தலைக்கு என்ன சொல்லுவோம்?

மூன்றாங் கேள்வி: "வாங்கினபிறகு இருதயம் ஓய்ந்திருக்குமா?"

முத்து வியாபாரியின் உவமையில் நாம் சாதாரணமாய்க் கவனியாத ஒரு காரியம் உண்டு. அவன் அந்த ஒரு முத்தை வாங்கினதும் கதை முடிந்துவிடுகிறது. அதற்குப்பின் அதைவிட நல்ல முத்தைத் தேடிப் போனதாக ஆண்டவர் சொல்லவில்லை. தேடுதல் நின்றது; அதுவே அது மெய்யான முத்து என்பதற்கு அடையாளம். உலகத்து முத்துக்களோ அப்படியல்ல. காந்தித் தலை கையிலிருக்கிறபோது நாலணாத் தலை கனவில் வருகிறது. நாலணாத் தலை கைக்கு வந்தால் அடுத்த மாதம் ராணி தலைகீழாய் நிற்பது கனவில் வரும். தவறாய் அச்சடித்ததைத் தேடி மனிதன் தன் வாழ்வையே தலைகீழாக்கிக்கொள்வதும் உண்டு!

நம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் துரையின் பேரை அறியாத குழந்தை உண்டா? 1895-ல் அவர் கட்டிமுடித்த பெரியாற்று அணையின் தண்ணீர் இன்றைக்கும் நம் வயலில் பாய்கிறது. அணை வேலைக்குப் பணம் போதாமற்போக, சீமையிலிருந்த தம் சொத்தை விற்று அதைக் கட்டினார் என்று நம் மக்கள் சொல்லிவருகிறார்கள். சரித்திர ஆராய்ச்சிக்காரர்களில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படியானாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மனிதனை மனமார மெச்ச வேண்டுமென்று இந்தச் சனங்களுக்குத் தோன்றினபோது, அவர் எவ்வளவு சேர்த்தார் என்று சொல்லவில்லை. எதை விற்றார், யாருக்காக விற்றார் என்று சொல்லுகிறார்கள். தைப் பொங்கல் சமயத்தில் அவர் படத்துக்கு மாலை போடுகிற விவசாயிக்கு எது நிலைக்கும் என்று தெரிந்திருக்கிறது.

அந்தத் தோமையார் தலை வெளியான 1964-லேயே நடந்த இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்லுவோம். அந்த ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோது, ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் மிலான் நகரத்து மக்கள் தமக்குக் கொடுத்திருந்த மும்முடியை எடுத்து, ஏழைகளுக்காக என்று பீடத்தின்மேல் வைத்துவிட்டார். சில வாரத்தில் பம்பாய்க்கு வந்தார். அங்கே தாம் ஏறிச்சென்ற விலையுயர்ந்த மோட்டார் காரை, திரும்பிப் போகும்போது அன்னை தெரேசாவுக்குக் கொடுத்தார். அன்னை அதில் ஒரு நாளும் சவாரி செய்யவில்லை. குலுக்கல் சீட்டுப் போட்டு அதைப் பணமாக்கி, குஷ்டரோகிகளுடைய குடியிருப்புக்குச் செலவிட்டார்கள். இவ்விருவரையும் இன்று திருச்சபை அர்ச்சியசிஷ்டவர்கள் என்று வணங்குகிறது. இவர்களும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினவர்கள்தான். ஆனால் வாங்கினதைத் திருடனும் எடுக்கமாட்டான், கரையானும் அரிக்காது.

இப்படிச் சொன்னதினால், எல்லாரும் வீட்டிலுள்ளதை உடனே விற்றுவிடவேண்டும் என்று நாம் பிரசங்கிப்பதாக எண்ணவேண்டாம். விற்பதிலும் பெருமை உண்டு. வைத்திருப்பதிலும் தாழ்ச்சி உண்டு. எதைச் செய்தாலும் இருதயம் விடுதலையாய்ச் செய்யவேண்டும் என்பதே போதனை. அர்ச். இஞ்ஞாசியார் தமது தியானப் புத்தகத்திலே இதற்கு ஒரு அருமையான உதாரணம் வைத்திருக்கிறார். நம் மதுரை நாட்டிலே விசுவாசத்தை விதைத்த சேசுசபைக் குருக்கள் வருஷந்தோறும் தியானித்த காரியம் இது.

மூன்று வகை மனிதர். ஒவ்வொருவரும் பதினாயிரம் பொற்காசு சம்பாதித்திருக்கிறார்கள். அநியாயமாயல்ல, ஆனால் முழுக்க முழுக்க தேவசிநேகத்துக்காகவும் அல்ல. பணத்தின்மேல் வைத்த பற்று ஆத்துமத்துக்குப் பாரமாயிருக்கிறதென்று மூவருக்கும் தெரிகிறது. முதல் வகையார், "விடவேண்டும், விடவேண்டும்" என்று சொல்லிக்கொண்டே சாகுமட்டும் ஒன்றும் செய்யார். இரண்டாம் வகையார், பற்றை விட விரும்புவார்கள், ஆனால் பொருள் கையிலேயே இருக்கவேண்டும். தாங்கள் சர்வேசுரனிடம் போகாமல், சர்வேசுரன் தங்கள் இஷ்டத்துக்கு வரவேண்டுமென்பார்கள். மூன்றாம் வகையார், "வைத்திரு என்று அவர் சித்தமானால் வைத்திருப்பேன், விடு என்று சித்தமானால் விடுவேன், எது அவருக்கு அதிக மகிமையோ அது எனக்குப் போதும்" என்பார்கள்.

வாசகரே, நாம் எந்த வகையில் சேர்ந்தவர்கள்? நம்மில் அநேகர் இரண்டாம் வகையில் சேர்ந்தவர்கள் என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். அந்த நண்பர் கோவில் வாசலுக்கு வந்தபோதும் அந்த வகையிலேதான் நின்றார். "வாங்கு" என்று குருவானவர் வாயாலே ஒரு வார்த்தை வந்தால் போதும், மனச்சாட்சிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடலாம் என்பது அவர் நோக்கம்.

தீர்மானம் செய்யக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அந்த அர்ச்சியசிஷ்டவரே சில வழிகளைக் காட்டியிருக்கிறார். முதலாவது, உனக்கு முன்பின் தெரியாத ஒருவன் இதே கேள்வியோடு உன்னிடம் வந்தான் என்று வைத்துக்கொள். அவனுக்கு என்ன புத்தி சொல்லுவாயோ அதையே நீ செய். இரண்டாவது, நீ மரணப் படுக்கையில் இருப்பதாக நினைத்துக்கொள். அப்போது எப்படிச் செய்திருந்தால் நல்லது என்று நினைப்பாயோ அப்படியே இப்போது செய். மூன்றாவது, தீர்வை நாளில் நடுவர் முன்னிலையில் நிற்பதாக நினைத்து அதுபோலவே யோசி. இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை. ஆனால் இவற்றைக் கடந்து தப்புகிற பொய் மிகக் கொஞ்சம்.

நாம் அவருக்கு "விற்காதே" என்றும் சொல்லவில்லை, "விற்றுவிடு" என்றும் சொல்லவில்லை. "முதலில் வீட்டுக்குப் போ. அம்மாவிடமும் தங்கையிடமும் தலையின் விலையை உள்ளபடி சொல்லு. மனைவியிடம் நீ நினைத்திருந்ததைச் சொல்லு. பிறகு செபம் செய். பிறகு வா" என்று அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து வந்தார். தங்கையிடம் கேட்டபோது, "எனக்குப் பங்கு வேண்டாம் அண்ணே. ஆனா விக்கிறதா இருந்தா முன்னாடி ஒரு நாள் என் வீட்டுக்குக் கொண்டுவா. பிள்ளைகளுக்குக் காட்டி, தாத்தா பை சுமந்த கதையைச் சொல்லணும்" என்றாளாம். அம்மா ஒன்றும் பேசாமல் பொத்தகத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மனைவியிடம் சொல்லத்தான் இரண்டு நாள் தைரியம் வரவில்லை. சொன்னபோது அந்த அம்மாள் கோபப்படவில்லை, "இதுக்கா இத்தனை நாள் தூங்காம இருந்தீங்க?" என்று கேட்டு அழுதுவிட்டாளாம். மறுவாரம் இருவருமாய்ப் போய்ச் சங்கிலியை மீட்டுவந்தார்கள். அன்றைய பூசையில் அந்தச் சங்கிலியைப் பார்த்தோம்.

"நாலணாத் தலை?" என்று கேட்டோம். வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். "காந்தித் தலை?" அது இன்னும் பெட்டியில் இருக்கிறது. "ஒருநாள் விற்றாலும் விற்பேன் சாமி, வைத்திருந்தாலும் வைத்திருப்பேன். மகள் படிப்புக்கு வேண்டுமென்றால் அடகுக்கடைக்குப் போகிறதற்கு முன்னே அதை விற்பேன். இப்போது தூக்கம் வருகிறது" என்றார். அவரை அறியாமலே மூன்றாம் வகை மனிதனின் பாஷையில் பேசினார். நாம் ஒன்றும் சொல்லாமல் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினோம்.

வாசகரே, உங்கள் பெட்டியில் தபால் தலை இல்லாமலிருக்கலாம். ஆனால் வேறொன்று இருக்கும். இருக்கிற வண்டியைத் தள்ளிவிட்டுப் பெரிய வண்டி வாங்கலாமா என்கிற யோசனை இருக்கும். நன்றாய்ப் பேசுகிற கைப்பேசியை விற்றுப் புதியது வாங்குகிற ஆசை இருக்கும். முன்னோர் வைத்த தென்னந்தோப்பை விற்று ரோட்டோரத்து மனை வாங்குகிற திட்டம் இருக்கும். இவை எல்லாவற்றிலும் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது யாருடையது? மிச்சப் பணம் யாருடைய கழுத்திலிருந்து, யாருடைய தட்டிலிருந்து வருகிறது? வாங்கினபின் என் இருதயம் ஓய்ந்திருக்குமா?

இந்த வாரத்துக்கு ஒரு சிறு முயற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் அதிகமாய்ப் பிரியப்படுகிற பொருள் ஒன்றைக் கையிலெடுத்து, "ஆண்டவரே, இதை வைத்திருக்கவா, விடவா?" என்று கேட்டு, ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். பதில் உடனே வராவிட்டாலும், அந்தக் கேள்வியை மெய்யாகவே கேட்டவனுடைய கை சற்றாவது விரிந்திருக்கும். மூடின கைக்குள் சர்வேசுரன் எதை வைக்கக்கூடும்?

தாழ்ச்சியுள்ள தேவமாதாவே, ஒரு முத்தைத் தவிர வேறொன்றையும் வேண்டாதவளே, எங்கள் இருதயத்தின் கட்டுகளை அவிழ்க்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆமென்.